கார்டு வேதக்கண்ணின் அடக்க ஜெபம்

மார்ச் 5, சாம்பல் புதன்

போன வாரம் குருவானவர்களுக்கான தியான முகாமில் பேச வந்தவர், லெந்து என்னும் தவக்காலம் முடிகிற வரை நாங்கள் ஆளுக்கொரு டைரி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரார் ஆத்துமாவுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவன் தன் ஆத்துமா காய்ந்து கிடப்பதைக் கவனிப்பதில்லையாம். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவருக்குச் சபை கிடையாது, பேசுவது மட்டும்தான் வேலை என்று பக்கத்தில் இருந்த நண்பர் காதைக் கடித்தார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

தினமும் அரை மணி நேரம் தனி ஜெபம். பிரசங்கத்துக்காக இல்லை, பிறருக்காகவும் இல்லை, சும்மா ஆண்டவரோடு இருக்க. பிறகு ‘இன்று ஆண்டவர் என்னோடு என்ன பேசினார்’ என்று டைரியில் எழுத வேண்டும்.

இன்று என்னோடு பேசியவர்கள்: சபைச் செயலர் இன்பராஜ் அண்ணாச்சி (லெந்து கால வீட்டு ஜெபம் எந்தத் தெருவில் தொடங்குவது), மைக் செட்காரர், கோயில் பணியாளர் தங்கப்பழம் (மணிக்கயிறு இற்றுப்போய்விட்டது), கல்யாண ஓலைக்கு மூன்று வீட்டார் (கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும்). ஆண்டவர் கூப்பிட்டிருந்தாலும் லைன் பிஸியாகத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

தனி ஜெபம்: நாளை காலை முதல்.

மார்ச் 9, ஞாயிறு

என் சேகரத்தில் உள்ள மூன்று ஊர்க் கோயிலிலும் ஆராதனை. ஆலங்கிணற்றில் ஆரம்பித்து மூன்றாவது ஊரில் முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பிரசங்கம் ஆசீர்வாதமாக இருந்ததாக மூன்று ஊரிலும் சொன்னார்கள். அது பழைய சேகரத்தில் செய்த பிரசங்கம். பாதியில்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு ஜெபித்து முடித்ததும் என் மனைவி ஹெப்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏங்க, ‘இந்த வீட்டாரை ஆசீர்வதியும்’னு ஜெபிச்சிய. எந்த வீட்டாரை?”

மேசையில் அவளும் நானும்தான் இருந்தோம். பழக்கதோஷம் என்றேன். அவள் ரசம் ஊற்றினாள்.

பிறகு மாடியில் காயும் துணியை எடுத்து வரச் சொன்னாள். மூன்று ஆராதனை முடித்துவிட்டு வந்தவனிடம்! பள்ளிக்கூடத்தில் மாடி ஏறி இறங்குகிறவளுக்கு வீட்டு மாடி ஏற முடியாதா என்ன. முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வீட்டு ஜெபம் மேலத்தெருவில். சுக்குக் காப்பி, அவித்த கடலை. இந்தச் சபை மக்கள் நல்லவர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுகிறார்கள். அவர்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாளை சொல்கிறேன்.

ஹெப்சி வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்த வேண்டுமாம்.

தனி ஜெபம்: நாளை.

மார்ச் 18, செவ்வாய்

கல்யாணம் ஒன்று, ஓலை வாசிப்பு இரண்டு, சபை மன்றக் கூட்டம் ஒன்று. கூட்டத்தில் மின்விசிறியைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். முடிவு ஜெபத்தை நான்தான் செய்தேன், என்ன ஜெபித்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. வாய் அதுபாட்டுக்கு ஓடுகிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெப்சி அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சமைக்கிறாள். புது வழக்கம்.

மார்ச் 20, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

காலையில் பக்கத்து ஊரில் ஒரு அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஒரு கல்யாணப் பேச்சு, அங்கிருந்து வீட்டு ஜெபத்துக்கு ஓட்டம். இன்று இன்பராஜ் அண்ணாச்சி வீட்டு முறை. அதோடு அவருடைய அப்பா வேதக்கண்ணின் பிறந்தநாளும் சேர்ந்துகொண்டது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பத்தெட்டு வயது, ஊருக்கே கார்டு ஐயா. வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்தில் ஒரு சம்பங்கி மாலையோடு, கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். சுற்றி மக்கள். ஊதுவத்திகூட இருந்தது, கொசுவுக்கு.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன். வாய் ஓடியது.

“எங்களோடு வாழ்ந்து, எங்களை நேசித்து, இன்று தம் ஓட்டத்தை முடித்து உம்முடைய சமூகத்தில் இளைப்பாறுகிற எங்கள் தகப்பன் வேதக்கண் அவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். துக்கத்தில் இருக்கும் இந்தக் குடும்பத்தாரைத் தேற்றும்…”

தேற்றும் என்று சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. எப்படியோ முடித்தேன். யாருக்கும் ஆமென் சொல்ல நா எழவில்லை.

ஒரே ஒரு ஆமென் வந்தது, நன்றாகக் கணீரென்று. கார்டு ஐயாதான் சொன்னார்.

“நல்லாத்தான் ஜெபிச்சிய ஐயா,” என்றார். “ஆனா நான் இன்னும் பச்சைக்கொடி காட்டலியே.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இன்பராஜ் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார். கேக் வெட்டினோம். என் பங்கைப் பக்கத்தில் இருந்த பையனிடம் கொடுத்துவிட்டேன்.

ஜெபத்துக்கு வந்திருந்த ஹெப்சி, திரும்பும்போது வண்டியில் ஏறவே வெகு நேரம் எடுத்தாள். என்மேல் கோபம் போலிருக்கிறது. வழியெல்லாம் பேசவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் தங்கப்பழம் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

“ஐயா, துக்க மணி அடிக்கணுமா? இல்ல, ஆளு இருக்காருங்கிறதால நிறுத்தி வைக்கட்டா?”

மூன்று ஊருக்கும் செய்தி போய்விட்டது.

மன்னிப்புக் கேட்க இன்பராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்டு ஐயாவோ நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

“ராத்திரி முழுக்க யோசிச்சேன் ஐயா. நீங்க செத்தவன்னு சொன்னதுல எனக்கு வருத்தமே இல்ல. இந்த வயசுல அது ஒண்ணும் பொய்யில்ல, கொஞ்சம் முந்திட்டிய, அம்புட்டுதான். ஆனா அந்த ஜெபத்துல என் பேரு மட்டும்தான் என்னுது. மத்ததெல்லாம் எவனுக்கும் பொருந்தும். நாளைக்கு நெசமாவே போறப்ப இதையா சொல்லப் போறிய?”

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார்.

“தெனமும் மூணு மணிக்கு வாங்க. என்னைப் பத்திச் சொல்லுதேன். கேட்டு வச்சிக்கிடுங்க. அதுதான் அபராதம்.”

இருக்கிற வேலையில் இது வேறு. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

மார்ச் 27, வியாழன்

தினமும் போகிறேன். கார்டு ஐயா காப்பியைச் சாசரில் ஊற்றித்தான் குடிப்பார். பூசணிக்காயைக் கண்டால் எழுந்து போய்விடுவார். தூத்துக்குடிப் பாசஞ்சரில் இருந்தபோது, நடுக்காட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து, சிவப்புக்கொடி காட்டி வண்டியையே நிறுத்தியிருக்கிறார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. “அந்தப் பிள்ளைக்கு என் பேரையா வச்சா? டிரைவர் பேரை வச்சிட்டா! நிறுத்தினவன் நானு, அவன் சும்மா முன்னாடி உக்காந்திருந்தான்.” நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ஆறவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கைபேசி எத்தனையோ முறை அடித்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. முகாமில் பேசியவர் இதை ஜெபக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

தனி ஜெபம்: நாளை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முந்தாநாள் கார்டு ஐயா கோவில்பட்டிக்குப் போன ஒரு வண்டியின் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதி நாளைக்கு என்றார். நேற்று அவருக்கு மூச்சுத் திணறல். நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறதாம். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வண்டியை எடுத்துவிட்டேன். இன்பராஜ் அண்ணாச்சி போன் செய்தார்.

“ஐயா, நீங்க வரவேண்டாம். தப்பா நெனைக்காதிய. வீட்ல பொம்பளையாளுக பயப்படுதாவ. ஊருக்குள்ளயும் ‘ஐயரு ஜெபம் பலிச்சிட்டு’ன்னு ஒரு பேச்சு ஓடுது. நீங்க வந்து தலைமாட்டுல நின்னா என் வீட்டுக்காரிக்குத் தாங்காது.”

ஐயர் என்று இந்தப் பக்கம் குருவானவரைத்தான் சொல்வார்கள், அதாவது என்னை. சகுனம் பார்க்கக்கூடாது என்று போன மாதம்தான் பிரசங்கம் செய்தேன். அதை அவருக்கு ஞாபகப்படுத்தும் துணிச்சல் எனக்கு வரவில்லை. வண்டியை உள்ளே விட்டேன்.

யார் யாருடைய கட்டில் பக்கத்திலோ நின்றிருக்கிறேன். இவர் பக்கத்தில் நிற்க முடியாது. அவர் போய்விட்டால் நான் அவருக்காகச் செய்த ஒரே ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்று மணிக்குக் கால் தன்னால் எழுந்தது. போக இடமில்லை. கோயிலுக்குள் போனேன். யாரும் இல்லை. முன்னால் மண்டியிட்டு ஆரம்பித்தேன். ‘இரக்கமுள்ள பிதாவே, உமது அடியார்’ என்று வந்தது. நிறுத்தினேன். வேறு விதமாக ஆரம்பித்தேன், அதுவும் எங்கேயோ யாருக்கோ சொன்னது. எந்த வாக்கியத்தைத் தொட்டாலும் தேய்ந்து போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே வரவில்லை. பயந்துபோனேன். குருப்பட்டம் வாங்கியவன், இருபத்தைந்து வருட ஊழியம், ஒரு கிழவருக்காக ஒரு வரி ஜெபிக்கத் தெரியவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, ஆண்டவரே, அவர் காப்பியைச் சாசரில் குடிப்பார் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பூசணிக்காய் அவருக்குப் பிடிக்காது, ஆஸ்பத்திரியில் போட்டுவிடப் போகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு டிரைவர் பேரை வைத்தது அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கதை பாதியில் நிற்கிறது, கோவில்பட்டிக்கு வண்டி இன்னும் வந்து சேரவில்லை. அவர் எனக்கு வேண்டும். இப்படியே பேசிக்கொண்டிருந்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

தங்கப்பழம் பெருக்க வந்தவர் தூணோரம் நின்று பார்த்தார்.

“எதையும் தொலைச்சிட்டியளா ஐயா? நானும் தேடட்டா?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இன்று பெருக்கவே இல்லை.

ஏப்ரல் 5, சனி

இன்றும் போனேன். கார்டு ஐயாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. அடுத்து ஹெப்சியைப் பற்றிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். சொல்ல அதிகம் இல்லை. பழைய விஷயங்கள்தான் வந்தன. இந்த வருடத்து ஹெப்சியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். ஸ்டூலிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது முழங்கால் நன்றாக வீங்கியிருக்கிறது.

“இது எப்பயிருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடியிருந்தே.”

“ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னு பாத்தேன். நீங்க எப்பவும் யார் வீட்டுக்காவது போயிட்டு இருந்திய.”

சாப்பாட்டுக்கு ஜெபித்தேன். ஹெப்சிக்காக, அவளுடைய வலது முழங்காலுக்காக, அவள் தனியாக ஏறின மாடிப்படிகளுக்காக. ஆமென் சொல்லிவிட்டுப் பார்த்தால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“சோறு ஆறுது. சாப்பிடுங்க,” என்றாள்.

மாடித் துணியை நானே எடுத்து வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

கார்டு ஐயா அப்படியே இருக்கிறாராம். மூன்று மணிக்குப் போனேன். வெளியே ஒரு கல்யாண வீட்டார் காத்திருந்தார்கள். தங்கப்பழம் அவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, “ஐயா உள்ள பேசிட்டிருக்காவ, இப்ப வந்திருவாவ” என்று சொன்னது எனக்குக் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இன்பராஜ் அண்ணாச்சி கையில் குருத்தோலையோடு உள்ளே வந்தார்.

“அப்பாவ வார்டுக்கு மாத்திட்டாவ ஐயா. மூச்சு பரவாயில்ல. கண்ணு முழிச்சதுலயிருந்து உங்களத்தான் கேக்குதாவ. ‘அந்த ஐயரு எங்க, கதை பாதியில நிக்குது’ன்னு ஒரே சத்தம். நான் அன்னைக்கு வரவேண்டாம்னு சொன்னதை மனசுல வச்சிக்கிடாதிய.”

“அண்ணாச்சி, நான் பண்ணின காரியத்துக்கு நீங்க இன்னும் நல்லா ஏசியிருக்கணும்,” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஓலை இரண்டு பேர் கைக்கும் நடுவில் கசங்கியது. ஆண்டவரே, உமக்கு நன்றி. இதை நாளைக்கு என்று தள்ளிவைக்கவில்லை, அங்கேயே நின்று சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

திருநெல்வேலி போய்வந்தேன். கார்டு ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். வாடி வதங்கிப் பாதியாகிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, “ஜெபம் பண்ணாம போறீங்களே ஃபாதர்” என்று நர்ஸ் கேட்டாள். ஆயிற்று என்றேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதும் கடைசியும் என் பங்கு. இந்த வருடம் பழைய காகிதம் எதையும் எடுக்கவில்லை. சிலுவையில் தொங்கியவருக்குத் தாகமெடுத்த இடத்துக்கு வந்தபோது, எனக்கும் வெகு நாளாகத் தாகம் என்று சொன்னேன். உங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே நான் குடிக்க மறந்துவிட்டேன் என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

தங்கப்பழம் மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20, உயிர்த்தெழுந்த ஞாயிறு

விடியலுக்கு முன்னாலேயே கோயில் நிறைந்துவிட்டது. புது மணிக்கயிறு, தங்கப்பழம் ஆசை தீர அடித்தார். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று நான் சொன்னதும் சபை திரும்பச் சொன்ன சத்தத்தில் மாடப்புறா எல்லாம் கலைந்து பறந்தது. இத்தனை வருடமாகச் சொல்கிறேன். இன்று சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

மற்ற இரண்டு ஊரும் முடித்து, ஹெப்சியையும் கூட்டிக்கொண்டு, கார்டு ஐயாவுக்கு நற்கருணை கொடுக்க இன்பராஜ் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அதே கூடம், அதே நாற்காலி. தலையணை மூன்று முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். குரல் மட்டும் குறையவில்லை.

“கல்லறைக்குப் போன பொம்பளையாளுகள்ட்ட தூதன் ஒரு கேள்வி கேட்டானே, அதை நான் உங்கள்ட்ட கேக்கணும்,” என்றார். “உசுரோட இருக்கிறவனைச் செத்தவங்கள்ட்ட போய் ஏன் தேடுனிய?”

“தப்புத்தான் கார்டு ஐயா.”

“சரி, இப்ப ஜெபியுங்க. பாப்போம், பாடம் ஏறியிருக்கான்னு.”

அண்ணாச்சியின் மனைவி கதவோரம் வந்து நின்றார். ஜெபித்தேன். சாசர் காப்பிக்காக நன்றி சொன்னேன். மணியாச்சிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பிறக்கவைத்த குழந்தைக்காக நன்றி சொன்னேன்.

“கடம்பூரு,” என்றார், கண்ணைத் திறக்காமலே.

கடம்பூருக்குப் பக்கத்தில் என்று ஆண்டவரிடம் திருத்திச் சொன்னேன். டிரைவர் பெயர் விஷயத்தில் இவருக்கு இருக்கிற மனத்தாங்கலையும் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். பூசணிக்காயிலிருந்து இரட்சியும் என்றேன். கதவோரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆமென் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

நான் கண்ணைத் திறந்தேன். கார்டு ஐயா திறக்கவில்லை.

“இருங்க, நான் இன்னும் முடிக்கல. இப்ப என் முறை,” என்றார். கையை நீட்டி என் தலையைத் தேடிப் பிடித்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு என் தலையில் யாரும் கை வைத்து ஜெபித்ததில்லை.

“ஆண்டவரே, என் பொறந்தநாளுக்கு இந்த வீட்டுல ஐயரு ஒரு அடக்க ஜெபம் பண்ணுனாரு. எல்லாரும் அவரு தப்பாச் சொல்லிட்டாருன்னு நெனைக்காவ. தப்பில்ல ஆண்டவரே. அன்னைக்கு இந்தக் கூடத்துல ஒரு ஆளு செத்துத்தான் இருந்தாரு. ஐயரு ஆளை மட்டும் மாத்திச் சொல்லிட்டாரு. எங்க எல்லாருக்கும் தெரியும், அவருட்ட யாரு போய்ச் சொல்லுவா. இப்ப அவர எங்களுக்குத் திருப்பித் தந்துட்டீரு. ஸ்தோத்திரம்.”

யாருக்கும் ஆமென் சொல்ல நா எழவில்லை.

நான் சொன்னேன், என்னால் முடிந்த அளவு சத்தமாக.

திரும்பும்போது ஹெப்சிக்கு ஏற வசதியாக வண்டியைப் படிக்கட்டோரம் சாய்த்துப் பிடித்தேன். அவள் என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

நாளை காலை அவள் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். மூன்று மணிக்குக் கோயில். அது முடிந்து கார்டு ஐயா வீடு, கோவில்பட்டி வண்டி இன்னும் வந்து சேரவில்லை.